மூச்சு முட்டும் இஞ்சின்

(ஜொகூர் மாநிலத் தோட்டமொன்றின் மண்டபத்தில், பாட்டாளிக் குடும்பத்தினரிடையே ஆற்றிய உரை)



விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு நின்று, நிரைக்குச் சென்று, பால் சுமந்து திரும்பி, சற்றே இளைப்பாற வேண்டிய மாலை வேளையில் நீங்கள் இங்குக் கூடியிருக்கின்றீர்கள். ஆதலால் உங்களை நெடுநேரம் அமர்த்தி வைக்க மாட்டோம். இன்று நாம் பேச வந்தது காரைப் பற்றி. அதிலும் இஞ்சினில் விரல் அளவே உள்ள ஒரு சிறு வால்வைப் பற்றி. இத்துணைச் சிறிய பொருளுக்கு ஓர் உரையா என்று சிலர் எண்ணக்கூடும். இச்சிறு பொருளை அறியாத காரணத்தால் ஒரு குடும்பம் தன் சேமிப்பை இழந்தது. அக்குடும்பம் எம்முடையதே.

நம் தந்தையர் காலத்தில் தோட்டத்து மக்களுக்குச் சைக்கிளும் தோட்டத்து லோரியுமே ஊர்தி. 1985ஆம் ஆண்டு ஜூலையில் புரோட்டோன் சாகாவும், 1994ஆம் ஆண்டில் பெரோடுவா கஞ்சிலும் வெளிவந்த பின்னர், பழைய காராயினும் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது பாட்டாளிக் குடும்பத்துக்கும் கைகூடிற்று. குளுவாங், ரெங்கம், லாபிஸ், சிகாமட், கோத்தா திங்கி ஆகிய வட்டாரங்களில் தோட்டத்திலிருந்து பட்டணம் அருகில் இல்லை. நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும், மருமகளுக்குப் பேறுகால வலி எடுத்தாலும், வாசலில் நிற்கும் பழைய காரே துணை. அது பழுதுபட்டால் கெடுவது வண்டி மட்டுமன்று. வீட்டின் வரவு செலவும் நிலைகுலைந்து விடுகிறது.

எமக்கு நேர்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் அத்தகைய பழைய கார் ஒன்று இருந்தது. பால்மரத் தொழிலில் ஓய்வு பெற்ற எம் தாயாரை, வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்காகப் பட்டணத்துக்கு அழைத்துச் செல்லும் வண்டி அது. ஒருநாள் புகைக்குழாயிலிருந்து நீலப் புகை வரத் தொடங்கியது. வண்டி நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டியது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இஞ்சின் எண்ணெய் ஊற்ற வேண்டியதாயிற்று.

ஒரு பட்டறைக்குச் சென்றோம். அங்கிருந்தவர் இஞ்சினை ஓடவிட்டுப் புகையைப் பார்த்தார். வேறு எதையும் பார்க்கவில்லை. வளையங்கள் தேய்ந்துவிட்டன, இஞ்சினை முழுவதும் பிரித்துக் கட்டவேண்டும் என்று சொன்னார். அவர் கூறிய தொகை எமது நான்கு மாதச் சம்பளத்துக்கு ஈடானது. செய்வதறியாது நின்றபோது தாயார் தம் கழுத்துச் சங்கிலியைக் கழற்றித் தந்தார். பல ஆண்டுகள் பால் வெட்டிச் சேர்த்த பணத்தில் அவர் வாங்கிய சங்கிலி அது. அடகுக்கடைக்குப் போயிற்று. இஞ்சினும் பிரித்துக் கட்டப்பட்டது.

இரண்டு மாதங்கூட நிறையவில்லை. மீண்டும் எண்ணெய் கசிந்தது, மீண்டும் புகை எழுந்தது. அப்போது, ரப்பர் ஆலையில் லோரிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு சென்றோம். அவர் இஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, அத்துவாரத்தின்மேல் ஒரு நாட்காட்டித் தாளை வைத்தார். தாள் எகிறிப் பறந்தது. "தம்பி, இது தேய்ஞ்சுபோன கோளாறு இல்ல. இஞ்சினுக்கு மூச்சு முட்டுது" என்றார். பின்னர் மேல்மூடியிலிருந்த சிறு வால்வைக் கழற்றிக் காட்டினார். அதன் உள்ளே தார் போன்ற கருஞ்சேறு இறுகிக் கிடந்தது. இஞ்சினைப் பிரித்துக் கட்டியவர்கள் அந்தப் பழைய வால்வையே மீண்டும் பொருத்தியிருந்தனர்.

புதிய வால்வின் விலை முப்பது ரிங்கிட்டுக்கும் குறைவு. அதனைப் பொருத்தி, எண்ணெயை மாற்றி, அழுத்தத்தால் கெட்டுப்போன ஒரு கசிவுத் தடுப்பு வளையத்தையும் மாற்றியபின் வண்டி சீரடைந்தது. சங்கிலியைத்தான் தவணைக்குள் மீட்க முடியவில்லை. தாயார் அதைப் பற்றி ஒருநாளும் எம்மிடம் கேட்டதில்லை.

பட்டறைக்காரர் எல்லாரும் ஏமாற்றுவோர் என்று கூற நாம் இங்கு வரவில்லை. நேர்மையான தொழிலாளர் பலர் உளர். சோதித்துப் பாராமல் தீர்ப்புக் கூறியது அவர் பிழை. சோதிக்குமாறு கேட்கத் தெரியாமல் போனது எம் பிழை. பால் குறைந்த மரத்தைக் கண்டவுடன் நீங்கள் அதை வெட்டிச் சாய்ப்பதில்லை. வெட்டு ஆழமாயிற்றா, பட்டை காய்ந்ததா, பால் வழியும் தடம் அடைத்ததா என்று பார்க்கின்றீர்கள். சில மரங்களுக்கு ஓய்வும் கொடுக்கின்றீர்கள். அதே பொறுமை இஞ்சினுக்கும் வேண்டும்.

இஞ்சின் எவ்வாறு மூச்சு விடுகிறது

சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றன. பிஸ்டனைச் சுற்றி வளையங்கள் இருப்பினும், எரிந்த வாயுவில் ஒரு சிறு பங்கு அவற்றைக் கடந்து கீழே கசிகின்றது. புத்தம் புதிய இஞ்சினிலும் இக்கசிவு உண்டு. கசிந்த வாயு, எண்ணெய் நிறைந்திருக்கும் அடிப்பெட்டியை அடைகிறது. அதில் எரியாத பெட்ரோல் ஆவியும், நீராவியும், அமிலத்தன்மை கொண்ட பொருள்களும் கலந்துள்ளன. அது வெளியேற வழியில்லையெனில் அடிப்பெட்டியில் அழுத்தம் பெருகும், எண்ணெயும் கெடும்.

பழங்காலக் கார்களில் இந்த வாயுவைத் தரையை நோக்கிய ஒரு குழாய் வழியாகத் திறந்த வெளியில் விட்டுவிட்டனர். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கண்ணை எரிக்கும் நச்சுப் பனிமூட்டம் படர்ந்தபோது, அதன் காரணத்தை ஹாகன்-ஸ்மிட் என்னும் அறிஞர் 1950களின் தொடக்கத்தில் ஆராய்ந்து விளக்கினார். வண்டிகளும் ஆலைகளும் வெளியிடும் ஆவிகள் வெயிலில் வேதிமாற்றம் அடைந்து அந்த மூட்டத்தை உண்டாக்குகின்றன என்பது தெளிவாயிற்று. எரியாத எரிபொருள் ஆவியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, புகைக்குழாய் வழியாக அன்றி, அடிப்பெட்டியிலிருந்தே வெளியேறியது என்றும் அறிந்தனர். அதன் விளைவாக, 1961ஆம் ஆண்டு முதல் கலிபோர்னியாவில் விற்கப்பட்ட புதிய கார்களில் அடிப்பெட்டி வாயுவை மீண்டும் இஞ்சினுக்குள் இழுத்து எரிக்கும் ஏற்பாடு இடம்பெற்றது. 1963ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்து அது அமெரிக்கா முழுவதும் பரவியது. உலகின் பிற நாட்டுக் கார்களிலும் பின்னர் அது வழக்கமாயிற்று.

இந்த ஏற்பாட்டின் காவற்காரனே நாம் கூறும் வால்வு. கடையில் இதனைப் பி.சி.வி. வால்வு என்று கேட்டால் எடுத்துத் தருவர். இஞ்சின் காற்றை உறிஞ்சும் உள்ளிழுப்புக் குழாயில் ஓர் இழுவிசை உண்டு. அவ்விசை, வால்வின் வழியாக அடிப்பெட்டி வாயுவை இழுத்து எரிய விடுகிறது. காற்று வடிகட்டியின் பக்கத்திலிருந்து வரும் மற்றொரு குழாய், அதற்கு ஈடாகத் தூய காற்றை உள்ளே விடுகிறது. ஒரு பக்கம் மூச்சை வாங்கி, மறு பக்கம் விடுவது போன்றதே இது.

வால்வின் உள்ளே ஒரு சுருள்வில்லும், முன்னும் பின்னும் நகரும் ஒரு சிறு முளையும் உள்ளன. வண்டி நின்றபடி இஞ்சின் மெதுவாக ஓடுகையில் இழுவிசை மிகுதி; முளை இழுபட்டு வழியைக் குறுக்குகிறது. மேட்டில் ஏறும்போதும் பாரம் இழுக்கும்போதும் இழுவிசை குறையும். வில் முளையைப் பின்னுக்குத் தள்ள, வழி அகலுகிறது. அவ்வேளையில்தான் கசியும் வாயுவும் மிகுதி. உள்ளிழுப்புக் குழாயில் தீ பின்னோக்கி வெடித்தால், முளை வழியை அடைத்து அத்தீ அடிப்பெட்டிக்குள் புகாமல் காக்கிறது.

இவ்வால்வுக்கு நேரும் கேடு இருவகை. ஒன்று, சேறு படிந்து அடைத்துக்கொள்வது. அப்போது அழுத்தம் பெருகி, கசிவுத் தடுப்பு வளையங்கள் வழியாக எண்ணெய் வெளியேறும். தூய காற்றுக் குழாய் வழியாகப் பின்னோக்கிச் சென்று காற்று வடிகட்டியையும் நனைக்கும். அந்த எண்ணெய் எரிந்து நீலப் புகையாகும். மற்றொன்று, வால்வு திறந்தபடியே சிக்கிக்கொள்வது. அப்போது தேவைக்கு மேல் காற்றும் எண்ணெய்த் துளிகளும் உறிஞ்சப்படும். நின்ற நிலையில் இஞ்சின் நடுங்கும், சில வேளை அணைந்தும் போகும். குழாயில் வெடிப்பு ஏற்பட்டாலும் இத்தகைய நடுக்கம் காணும். சீறும் ஒலியும் கேட்கும்.

தோட்டத்து வண்டிகளுக்கு ஏன் இக்குறை மிகுதி?

நெடுஞ்சாலையில் நாள்தோறும் ஓடும் வண்டியைவிட, தோட்டத்து வண்டிக்கே இந்தக் கேடு விரைவில் நேர்கிறது. காரணம், குறுகிய ஓட்டம். லயத்திலிருந்து மளிகைக் கடைக்கு, கடையிலிருந்து கோவிலுக்கு, மாலையில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர என்று இரண்டு மூன்று கிலோமீட்டரே ஓடுகிறோம். இஞ்சின் நன்றாகச் சூடேறுமுன் அணைத்துவிடுகிறோம். எரிதலில் பிறந்த நீராவி வெளியேறாமல் குளிர்ந்து நீராகி எண்ணெயுடன் கலக்கிறது. எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் பால் நிறத்தில் கூழ் படிந்திருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதுவே நாளடைவில் சேறாக இறுகி வால்வை அடைக்கிறது. எண்ணெயை உரிய காலத்தில் மாற்றாமையும் இதற்குத் துணை செய்கிறது.

இதற்கு மருந்து எளிது. வாரம் ஒருமுறையேனும் அரைமணி நேரம் நிற்காமல் வண்டியை ஓட்டுங்கள். சூடேறிய எண்ணெயிலிருந்து நீர் ஆவியாகி வெளியேறிவிடும். குறுகிய ஓட்டம் ஓடும் வண்டிக்கு எண்ணெயை வழக்கத்தினும் முன்னதாக மாற்றுங்கள். பாற்கூழைக் கண்டவுடன் அஞ்சவும் வேண்டா. அசட்டையாக இருக்கவும் வேண்டா. ரேடியேட்டரில் நீர் குறையாமல் இருந்து, நெடுந்தூரம் ஓட்டியபின் கூழும் மறைந்தால் அது வெறும் நீராவியே. நீரும் குறைந்து கொண்டே வருமாயின், இஞ்சின் தலைப்பகுதியின் அடைப்புத் தகடு பழுதாகி நீர் எண்ணெயில் கலக்கக்கூடும். உடனே பட்டறைக்குச் செல்ல வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி வேறு. 2006ஆம் ஆண்டு இறுதியிலும் 2007ஆம் ஆண்டு தொடக்கத்திலும் கோத்தா திங்கி, சிகாமட் வட்டாரங்களிலும், 2023 மார்ச்சில் யோங் பெங், பத்து பகாட் வட்டாரங்களிலும் வெள்ளம் புகுந்ததை நாம் மறக்கவில்லை. நீரில் மூழ்கிய காரை ஓட்டிப் பார்க்கவே கூடாது. பட்டறைக்கு இழுத்துச் சென்று, எண்ணெயை வடித்து, காற்றுக் குழாய்களைச் சோதித்த பின்னரே இஞ்சினை இயக்க வேண்டும்.

புகையின் நிறம் கூறும் செய்தி

கரும்புகை வந்தால் எரிபொருள் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. முதலில் காற்று வடிகட்டியைப் பாருங்கள். காலையில் சிறிது நேரம் வந்து மறையும் வெண்புகை வெறும் நீராவி. இஞ்சின் சூடேறிய பின்னரும் தொடரும் அடர்ந்த வெண்புகை, குளிர்விக்கும் நீர் சிலிண்டருக்குள் புகுவதன் அறிகுறி. நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டுகிறது.

நீலப் புகைக்குக் காரணம் ஒன்றன்று. இரவெல்லாம் நின்ற வண்டியை இயக்கியவுடன் சிறிது வந்து மறைந்தால், பெரும்பாலும் இஞ்சின் தலைப்பகுதி வால்வுகளின் எண்ணெய்த் தடுப்பு உறைகள் காய்ந்திருக்கும். வேகம் கூட்டும்போதும் மேடேறும்போதும் தொடர்ந்து வந்தால் வளையத் தேய்வாகவும் இருக்கலாம். நாம் கூறும் சிறு வால்வின் அடைப்பாகவும் இருக்கலாம். இவற்றைக் கண்ணால் மட்டும் பிரித்தறிய இயலாது. ஆகவேதான் சோதனை வேண்டும்.

ஐந்து எளிய சோதனைகள்

சோதனைக்கு முன் எச்சரிக்கை. திறந்த வெளியில், சமதரையில் வண்டியை நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்து விடுங்கள். மூடிய கொட்டகையில் இஞ்சினை ஓட விடாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆயினும் உயிரைக் குடிக்கும். தொங்கும் துண்டு, தளர்ந்த சட்டைக்கை, அவிழ்ந்த கூந்தல் ஆகியவை சுழலும் வாரிலும் விசிறியிலும் சிக்கும். சிகரெட் கூடாது, சிறுவர்கள் அருகில் நிற்கவும் கூடாது.

முதற்சோதனை, கண் சோதனை. காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறவுங்கள். வடிகட்டி எண்ணெயில் நனைந்திருந்தால் அடிப்பெட்டி வாயு பின்னோக்கி வருகிறது என்று பொருள். வால்வுடன் இணைந்த குழாய்களில் வெடிப்பு, உப்பல், மென்மை ஆகியவை உள்ளனவா என்று தடவிப் பாருங்கள்.

இரண்டாவது, தாள் சோதனை. இஞ்சினைச் சூடாக்கி, நின்ற நிலையில் மெதுவாக ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைக் கவனமாகத் திறவுங்கள், எண்ணெய் தெறிக்கலாம். துவாரத்தைவிடப் பெரிய தடித்த தாளொன்றை அதன்மேல் வையுங்கள். சற்று நேரத்தில் தாள் மெல்ல உள்நோக்கி இழுபட்டால் மூச்சோட்டம் நன்று. தாள் எகிறினால் அழுத்தம் மிகுதி. மூடியே அசையாதபடி உறிஞ்சப்பட்டிருந்தால் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறது.

மூன்றாவது, விரல் சோதனை. குழாயுடன் சேர்த்து வால்வை மேல்மூடியிலிருந்து கழற்றி, மெது ஓட்டத்தில் அதன் திறந்த முனையை விரலால் மூடுங்கள். வலுவான உறிஞ்சல் தெரிய வேண்டும். உறிஞ்சல் இல்லையெனில் வால்வு அல்லது குழாய் அடைத்துள்ளது.

நான்காவது, குலுக்கல் சோதனை. இஞ்சினை அணைத்து, வால்வைத் தனியே கழற்றிக் காதருகே குலுக்குங்கள். உள்ளிருக்கும் முளை கலகலவென்று ஒலித்தல் வேண்டும். ஒலிக்காத வால்வு கெட்டது என்று உறுதி கூறலாம். ஒலிக்கும் வால்வெல்லாம் நல்லது என்று மட்டும் கூற முடியாது; வில் தளர்ந்திருந்தாலும் ஒலி கேட்கும்.

ஐந்தாவது, குழாய்ச் சோதனை. மெது ஓட்டத்தில், துணி சுற்றிய குறடால் வால்வுக் குழாயை மென்மையாக அழுத்திப் பிடியுங்கள். இஞ்சின் ஒலி சிறிதளவு மாறினால் வால்வு வேலை செய்கிறது. மாற்றமே இல்லையெனில் அடைப்பு உண்டு.

இவற்றில் வால்வு நல்லதென்று தெரிந்தும் தாள் எகிறுமாயின், வளையத் தேய்வை ஐயுறுவது நியாயமே. அப்போதும் இஞ்சினைப் பிரிக்குமுன் அழுத்தமானி கொண்டு ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்து எழுதித் தருமாறு பட்டறையில் கேளுங்கள். பொதுவாக, மிகக் குறைந்த எண் மிக உயர்ந்த எண்ணின் முக்கால் பங்குக்குக் கீழே போகலாகாது. குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கையில் எண் உயர்ந்தால் வளையத் தேய்வு. உயராவிடில் தலைப்பகுதி வால்வுகளில் கோளாறு. தேய்வு மெய்யென்று தெரிந்தால் செலவு செய்யத்தான் வேண்டும். அறிந்து செய்யும் செலவு வேறு. அஞ்சிச் செய்யும் செலவு வேறு.

மாற்றும் முறை

பழைய கார்கள் பலவற்றில் இவ்வால்வை வீட்டிலேயே மாற்றிவிடலாம். புதிய கார்கள் சிலவற்றில் வால்வு மேல்மூடியுடன் ஒன்றாகவே வார்க்கப்பட்டிருக்கும். அதைப் பட்டறைக்கே விட்டுவிடுவது நல்லது.

இஞ்சின் நன்கு ஆறிய பின் தொடங்குங்கள். குழாய்கள் எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்குச் செல்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். கவ்வியைத் தளர்த்தி, குழாயைச் சிறிது திருகி விடுவித்த பின்னரே இழுக்க வேண்டும். வெறுமனே இழுத்தால் கிழியும். சில வால்வுகள் ரப்பர் வளையத்தில் செருகப்பட்டிருக்கும். சில திருகு மரையுடன் இருக்கும்.

கழற்றிய வால்வைக் கையோடு உதிரிப்பாகக் கடைக்குக் கொண்டு செல்லுங்கள். உருவத்தில் ஒன்றுபோல் இருக்கும் வால்வுகள் அளவில் வேறுபடும். ஒவ்வொன்றும் அந்தந்த இஞ்சினின் காற்றோட்டத்துக்கு ஏற்ப அமைந்தது. ஆகவே வண்டியின் பெயர், ஆண்டு, இஞ்சின் வகை ஆகியவற்றைக் கூறி வாங்குங்கள். பழைய வண்டிகளைக் கழற்றி விற்கும் கடையில் இவ்வால்வை வாங்க வேண்டா. அங்குள்ளதும் சேறு குடித்ததே. ரப்பர் வளையத்தையும், வெடித்த குழாயையும் சேர்த்து மாற்றுங்கள்.

அடைத்த வால்வைக் கார்புரேட்டர் தூய்மி தெளித்துக் கழுவலாம் என்பர். அது ஆபத்துக்கு உதவும், நிலைக்காது. பெட்ரோலில் கழுவுவது தீயை அழைப்பதாகும்.

புதிய வால்வைப் பொருத்துகையில் அதன் திசையைக் கவனியுங்கள். திருகு மரையாயின் முதலில் கையாலேயே திருகி, இறுதியில் மட்டும் ஸ்பேனரால் மெல்ல இறுக்குங்கள். மேல்மூடி அலுமினியமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கும். வலிந்து இறுக்கினால் மரை அழியும். பின்னர் இஞ்சினை ஓடவிட்டுத் தாள் சோதனையை மீண்டும் செய்யுங்கள். எண்ணெயையும் அதன் வடிகட்டியையும் அப்போதே மாற்றுங்கள். சேறு நிறைந்த எண்ணெய் புதிய வால்வையும் விரைவில் அடைத்துவிடும். புகைக்குழாயில் தங்கிய எண்ணெய் எரிந்து தீரும்வரை சில நாள் புகை தொடரலாம்; உடனே மனந்தளர வேண்டா.

வடித்த எண்ணெயைக் கால்வாயிலோ மரத்தடியிலோ கொட்டாதீர்கள். 2005ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி பயன்படுத்திய இஞ்சின் எண்ணெய் அட்டவணைக் கழிவு வகையைச் சேர்ந்தது. மூடியுள்ள கலத்தில் சேர்த்துப் பட்டறையில் ஒப்படையுங்கள்.

நமது பாலும் இஞ்சின் எண்ணெயும்

உங்கள் தொழிலோடு தொடர்புடைய செய்தி ஒன்று. இந்த வால்வின் குழாயாக நாம் வெட்டும் பாலிலிருந்து கிடைக்கும் சாதாரண ரப்பர் பயன்படுவதில்லை. ஒட்டுப்பால் துண்டொன்றைப் பழைய இஞ்சின் எண்ணெயில் சில நாள் ஊற வைத்துப் பாருங்கள். உப்பி, கொழகொழத்துப் போகும். இயற்கை ரப்பர் எண்ணெயை உறிஞ்சும் தன்மையது. ஆகவே எண்ணெய் படும் இடங்களில், 1930களில் செருமனியில் உருவான நைட்ரில் போன்ற செயற்கை ரப்பர்களையே பயன்படுத்துகின்றனர். கடையில் ஏதோ ஒரு நீர்க்குழாயை வெட்டித் தந்து இதுவே போதும் என்றால் வாங்காதீர்கள். எண்ணெய் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்குங்கள்.

இதனால் நம் ரப்பர் தாழ்ந்தது என்று எண்ண வேண்டா. இழுத்தால் நீண்டு, விட்டால் மீள்வதிலும், அதிர்ச்சியைத் தாங்குவதிலும் அதற்கு இணை அரிது. ஆகவேதான் இஞ்சினைத் தாங்கும் மெத்தைகளிலும், லோரி, விமான டயர்களிலும் இயற்கை ரப்பர் இன்றும் இடம்பெறுகிறது. மேலும், இயற்கை ரப்பரை வேதிமுறையில் மாற்றி எண்ணெய் தாங்கும் வகையொன்றும் உருவாக்கப்பட்டுள்ளது. மலேசிய ரப்பர் வாரியம் அதற்கு எக்கோபிரேனா என்று பெயரிட்டுள்ளது. இன்று நீங்கள் வெட்டும் பால் நாளை இதே குழாயாக மாறி உங்கள் வண்டிக்கே வரலாம்.

அடைத்துவிட வேண்டா

வால்வு தொல்லை தருகிறதென்று அதனைக் கழற்றி எறிந்து, குழாயை அடைத்துவிடுவோர் உளர். வேறு சிலர் குழாயை வெளியே தொங்கவிடுகின்றனர். அடைத்தால் எமது வண்டிக்கு நேர்ந்ததே நேரும். தொங்கவிட்டால், வாசலில் விளையாடும் பிள்ளை அந்த நச்சு ஆவியை நுகரும். நம் நாட்டில் 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் இயற்றப்பட்டது. 1977ஆம் ஆண்டில் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் விதிகள் வந்தன. 1996ஆம் ஆண்டில் பெட்ரோல் இஞ்சினுக்கும் டீசல் இஞ்சினுக்கும் தனித்தனியே விதிமுறைகள் வகுக்கப்பட்டன. புகை கக்கும் வண்டி தண்டத்துக்கு உள்ளாகலாம்.

டீசல் வேன், பிக்-அப் ஆகியவற்றில் இ.ஜி.ஆர். என்னும் மற்றொரு வால்வும் உண்டு. எரிந்த புகையில் ஒரு பங்கை மீண்டும் உள்ளே விட்டு, எரிதலின் வெப்பத்தைத் தணித்து, நைட்ரஜன் நச்சு வாயுவைக் குறைப்பது அதன் பணி. புகைக்கரியும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து அதில் தடித்த படிவை உண்டாக்கும். வண்டி வலுவிழந்து கரும்புகை விட்டால் அதனைக் கழற்றித் தூய்மை செய்யவோ மாற்றவோ வேண்டும். தகடு வைத்து அடைப்பது தீர்வாகாது.

இளைஞர்களுக்கு ஒரு சொல். இத்தகைய அறிவு உங்களுக்குத் தொழிலும் ஆகும். மனிதவள அமைச்சின் கீழ் இயங்கும் தொழிற்பயிற்சிக் கழகங்கள் நம் மாநிலத்தில் பாசிர் கூடாங்கிலும் பத்து பகாட்டிலும் உள்ளன. எந்தெந்தப் பயிற்சிகள் உண்டு என்பதை விசாரித்துப் பயன் பெறுங்கள்.

அன்பர்களே, நாம் கூறியவற்றில் பலவற்றை நீங்கள் மறந்தாலும் மூன்று கேள்விகளை மட்டும் மறவாதீர்கள். இஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று யாரேனும் கூறினால், சினம் கொள்ளாமல், பணிவாக இவற்றைக் கேளுங்கள். பி.சி.வி. வால்வைக் கழற்றிப் பார்த்தீர்களா? ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்த எண் எவ்வளவு? மாற்றிய பழைய பொருள்களை எங்களிடம் தருவீர்களா? நல்ல தொழிலாளி இக்கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு விடை தருவார். விடை தர மறுப்பவரிடம் வண்டியை ஒப்படைக்க வேண்டா.

அன்று எமக்கு இக்கேள்விகள் தெரிந்திருந்தால், அந்தச் சங்கிலி இன்றும் எம் தாயாரின் கழுத்தில் இருந்திருக்கும். உங்கள் வீட்டுச் சங்கிலி உங்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பதே நம் விருப்பம். உரை முடிந்ததும் வாசலில் நிற்கும் காரில் தாள் சோதனையைச் செய்து காட்டுகின்றோம். விரும்புவோர் வந்து பார்க்கலாம்.